கணுக்கால் முறிவு ஆபரேஷனுக்குப் பிறகு காலை எப்போது ஊன்றலாம்? முழுமையான வழிகாட்டி

ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பியபோது என் கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். கால் ஊன்றுவதைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: “6 வாரம் காலை ஊன்றக் கூடாது.” அதே மாதம் வேறொரு ஊரில் கணுக்கால் உடைந்து பிளேட் வைத்துக்கொண்ட என் சித்தி மகன், மூன்றாவது வாரமே வாக்கரைப் பிடித்தபடி காலை ஊன்றி நடந்துகொண்டிருந்தான். பார்க்க வந்த உறவினர்களோ, “3 மாதத்துக்கு அசையவே கூடாது” என்றார்கள். மூன்று பதில்களில் எதை நம்புவது என்று தெரியாமல் படுத்திருந்த அந்த நாட்களில் வலியைவிடக் குழப்பமே என்னை அதிகம் வாட்டியது.

நான்காவது வாரம் மருத்துவரிடம் நேராகவே கேட்டேன்: “அவன் நடக்கிறான், நான் ஏன் நடக்கக் கூடாது?” அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, குறுக்காகப் போயிருந்த ஒரு நீளமான ஸ்க்ரூவைக் காட்டினார். “இது எலும்பைப் பிடிக்க வைத்தது இல்லை; தசைநார் ஆறும்வரை இரண்டு எலும்புகளையும் சேர்த்துப் பிடிக்க வைத்தது. உங்கள் தம்பிக்கு இது தேவைப்பட்டிருக்காது” என்றார். இந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் எத்தனை இரவுகள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்! இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததற்கு அந்த ஆதங்கம்தான் காரணம். “எத்தனை வாரம்?” என்பது நாம் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி. “எங்கே உடைந்தது, இப்போது எது அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது?” என்பதுதான் முதல் கேள்வி.

முதல் படி: உங்கள் முறிவைத் தெரிந்துகொள்ளுங்கள்

கணுக்கால் மூட்டை ஒரு சிறிய அறையாக நினைத்துக்கொள்ளுங்கள். கூரையும் உள்பக்கச் சுவரும் டிபியா என்ற பெரிய எலும்பு. வெளிப்பக்கச் சுவர் ஃபிபுலா என்ற மெல்லிய எலும்பு. இவற்றுக்கு நடுவே தாலஸ் என்ற எலும்பு உட்கார்ந்திருக்கிறது. உடம்பின் எடை முழுவதும் தாலஸ் வழியாகத்தான் பாதத்துக்குப் போகிறது. கணுக்காலின் இருபுறமும் கையில் தட்டுப்படும் இரண்டு மொட்டுகளும் அந்தச் சுவர்களின் அடிப்பகுதிகள். மருத்துவர்கள் அவற்றை மலியோலஸ் என்பார்கள். டிபியாவின் பின்விளிம்பு மூன்றாவது மலியோலஸ். டிபியாவையும் ஃபிபுலாவையும் கீழே இறுக்கிப் பிடித்திருக்கும் தசைநார்க் கட்டுக்குச் சிண்டெஸ்மோசிஸ் என்று பெயர்.

தாலஸ் வெளிப்பக்கமாக 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே, கூரையும் தாலஸும் ஒன்றையொன்று தொடும் பரப்பு 42 சதவீதம் குறைந்துவிடுகிறது என்று 1976-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எடை முழுவதும் மீதியுள்ள சிறிய பரப்பில் அழுந்தினால் குருத்தெலும்பு சீக்கிரம் தேயும். சின்ன விலகலுக்குக்கூட மருத்துவர் ஆபரேஷன் சொல்வதும், சரியாகப் பொருத்திய எலும்பு மறுபடி நகர்ந்துவிடுமோ என்று ஊன்றுவதைத் தள்ளிப்போடுவதும் இதனால்தான்.

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். லேட்டரல் மலியோலஸ் என்று மட்டும் இருந்தால் வெளிப்பக்கம் மட்டும் உடைந்திருக்கிறது. பைமலியோலர் என்றால் இரண்டு பக்கமும், டிரைமலியோலர் என்றால் பின்விளிம்பும் சேர்ந்து மூன்றும். வெபர் ஏ, பி, சி என்ற குறிப்பு இருந்தால், அது ஃபிபுலா எந்த உயரத்தில் உடைந்தது என்பதைச் சொல்கிறது: மூட்டுக்குக் கீழே ஏ, மூட்டு மட்டத்தில் பி, அதற்கு மேலே சி. மேலே போகப் போக அந்தத் தசைநார்க் கட்டு கிழிந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. “சிண்டெஸ்மோடிக் ஸ்க்ரூ” என்ற சொல் இருக்கிறதா என்று கட்டாயம் தேடுங்கள்; மருத்துவர் எனக்குக் காட்டிய அந்தக் குறுக்கு ஸ்க்ரூ இதுதான். எனக்கு இருந்தது, சித்தி மகனுக்கு இல்லை.

6 வாரக் கணக்கும், அது இப்போது மாறிவருவதும்

பிளேட் வைத்த கணுக்காலை 6 வாரம் ஊன்றாமல் வைத்திருப்பது பல பத்தாண்டுகளாகப் பல ஊர்களில் இருந்துவரும் வழக்கம். எலும்பு ஓரளவு கூடுவதற்கு ஆகும் காலத்தை ஒட்டி வந்த கணக்கு அது. ஆனால் எலும்பை உள்ளேயிருந்து உறுதியாகப் பிடிக்கும் பிளேட்டும் ஸ்க்ரூவும் இருக்கும்போது, எல்லோரும் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது.

கனடாவில் 110 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு பிரிவினர் 2 வாரத்தில் ஊன்றி நடக்கவும் கணுக்காலை அசைக்கவும் தொடங்கினார்கள். மற்றவர்கள் 6 வாரம் காத்திருந்தார்கள். ஆறாவது வாரத்தில் முதல் பிரிவினரின் கணுக்கால் சராசரியாக 41 டிகிரி அசைந்தது. காத்திருந்தவர்களுக்கு 29 டிகிரிதான். சீக்கிரம் ஊன்றியதால் யாருக்கும் எலும்பு விலகவில்லை.

அதைவிடப் பெரிய ஆய்வு பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 561 பேரிடம் நடந்து, 2024-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. அதிலும் 2 வாரமா 6 வாரமா என்பதே கேள்வி. நான்காவது மாதத்தில் கணுக்காலின் செயல்திறனுக்கு 100-க்கு மதிப்பெண் போட்டுப் பார்த்தபோது, சீக்கிரம் ஊன்றியவர்களுக்குச் சராசரி 65.9, தாமதமாக ஊன்றியவர்களுக்கு 61.2. சிக்கல்கள் முறையே 16 சதவீதம், 14 சதவீதம், பெரிய வித்தியாசமில்லை.

இந்த எண்களைப் பார்த்ததும் எழுந்து நடக்கத் தோன்றும். பொறுங்கள். பாதத்தில் உணர்வு குறைந்தவர்களை பிரிட்டன் ஆய்வில் சேர்க்கவில்லை. இரண்டு ஆய்வுகளிலும் ஊன்றத் தொடங்கியது 2 வாரம் கழித்துத்தான். ஆபரேஷன் முடிந்த மறுநாள் இல்லை. 65.9 என்பதையும் கவனியுங்கள்: நான்கு மாதம் ஆகியும் 100 இல்லை. சீக்கிரம் ஊன்றியவருக்கும் முழுதாகத் தேற நாள் பிடிக்கிறது.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: உறுதியாகப் பொருத்திய, தோல் நன்றாக ஆறிய, உணர்வு சரியாக உள்ள கணுக்காலுக்கு 2 முதல் 3 வாரத்தில் ஊன்றத் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி. வேண்டாம் என்று அவர் சொன்னால் காரணத்தைக் கேளுங்கள். ஆபரேஷன் செய்தவர் அவர். உங்கள் எலும்பில் ஸ்க்ரூ எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தது என்பது அவர் கைக்குத்தான் தெரியும். எந்த ஆய்வும் அதைச் சொல்லாது.

யார் கூடுதல் நாள் காத்திருக்க வேண்டும்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். கீழே சொல்பவற்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினாலும், அடுத்த வீட்டுக்காரரின் கால் கணக்கு உங்களுக்கு உதவாது.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போயிருப்பவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். “அளவு மீறாதே” என்று நமக்குச் சொல்வது வலிதான். அது கேட்காதபோது ஸ்க்ரூ தளர்ந்தாலும், எலும்பு நொறுங்கினாலும் தெரியாமலே நடந்துகொண்டிருப்பார்கள். இவர்களுக்கு வழக்கமான காலத்தைப் போல இரண்டு மடங்கு, அதாவது ஏறக்குறைய 12 வாரம்வரைகூட மருத்துவர்கள் ஊன்ற விடுவதில்லை. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், “அவருக்கு வலியே இல்லை, நன்றாக நடக்கிறார்” என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கணுக்கால் சிவந்து, சூடாகி, வலியில்லாமல் வீங்கினால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சிண்டெஸ்மோடிக் ஸ்க்ரூ வைத்தவர்களை, தசைநார் ஆறுவதற்காக 6 முதல் 8 வாரம் பெரும்பாலும் காத்திருக்கச் சொல்வார்கள். பிறகு அந்த ஸ்க்ரூவை எடுப்பதும் உண்டு, அப்படியே விடுவதும் உண்டு. விட்டால், நடக்க நடக்க அது தளரலாம், உடையவும் செய்யலாம். உடைந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு அதனால் தொல்லை இல்லை. உடைந்த ஸ்க்ரூவை எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு நெஞ்சு பதைக்க வேண்டாம்.

பின்விளிம்பில் பெரிய துண்டு உடைந்தவர்கள், டிபியாவின் கூரையே நொறுங்கியவர்கள், எலும்பு மெலிந்து பலவீனமான முதியவர்கள், எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தவர்கள், தையல் போட்ட இடம் ஆறாமல் நீர் கசிபவர்கள் ஆகியோருக்கும் காலம் நீளும். முதியவர்கள் விஷயத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. ஒற்றைக் காலில் குதித்து நடக்க அவர்களால் முடியாது. படுக்கையிலேயே கிடந்தால் நுரையீரலும் தசையும் கெடும். அதனால் சில மருத்துவர்கள் பொருத்துவதையே கூடுதல் உறுதியாகச் செய்து, சீக்கிரம் ஊன்ற வைப்பார்கள். வயதானவர் என்றால் எப்போதும் தாமதம்தான் என்று நாமாக முடிவு செய்துவிடக் கூடாது.

புகைபிடிப்பவர்களுக்கு எலும்பு கூடுவதும் புண் ஆறுவதும் தாமதமாகும். நிறுத்துவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

“ஊன்றலாம்” என்றால் எவ்வளவு?

மருத்துவர் ஊன்றலாம் என்று சொன்னதும் நாம் நடக்கலாம் என்று புரிந்துகொள்கிறோம். இடையில் பல நிலைகள் இருக்கின்றன.

1. ஊன்றவே கூடாது: பாதம் தரையில் படக் கூடாது.
2. தொட்டு வைக்கலாம்: பாதத்தைத் தரையில் வைக்கலாம், எடை போடக் கூடாது. காலடியில் ஒரு முட்டை இருக்கிறது, அது உடையக் கூடாது என்று நினைத்துக்கொண்டால் சரியாக வரும்.
3. பகுதி எடை: உடல் எடையில் கால் பங்கோ பாதியோ, சொன்ன அளவு மட்டும்.
4. வலி பொறுக்கும் அளவுக்கு ஊன்றலாம்.
5. முழு எடை.

இவற்றில் எது என்று கேட்டு, தேதியோடு எழுதி வாங்குங்கள். “கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றுங்கள்” என்றால், “எத்தனை கிலோ, எந்த நாளிலிருந்து, பூட் போட்டா போடாமலா?” என்று கேளுங்கள். (பூட் என்பது கணுக்கால் அசையாமல் பிடிக்க மாட்டும், கழற்றக்கூடிய உயரமான காலணி.) இந்த மூன்று கேள்விகளையும் நான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனேன். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிடும் என்பது எனக்குத் தெரியும்.

முதல் 2 வாரம்: ஊன்றாத நாட்களில் செய்ய வேண்டியவை

இந்த நாட்களின் வேலை, தோலை ஆற விடுவதும் வீக்கத்தை இறக்குவதும்தான். கணுக்காலின் மேல் தசைப்பற்று இல்லை. தோல், அதன் கீழே உடனே பிளேட். வீக்கம் இருந்தால் தையல் விரிந்து புண் ஆறாது. படுக்கும்போது பாதம் நெஞ்சின் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். ஒற்றைத் தலையணை போதாது. முழங்காலின் கீழிருந்தே சாய்வாக இரண்டு மூன்று தலையணை அடுக்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டால் பத்து நிமிடத்தில் பாதம் கருஞ்சிவப்பாகும். இரத்தம் இறங்குவதால் அப்படி ஆகிறது. காலை உயர்த்தியதும் நிறம் மாறிவிட்டால் பயமில்லை.

மணிக்கொரு முறை விரல்களை மடக்கி நீட்டுங்கள். முழங்காலை மடக்காமல் முழுக்காலையும் ஒரு சாண் உயரம் தூக்கி, ஐந்து எண்ணி, இறக்குங்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை. தொடைத் தசை எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதைக் கட்டு பிரிக்கும் நாளில்தான் பார்ப்பீர்கள். கணுக்காலை அசைக்கலாமா என்பது மாவுக்கட்டு இருக்கிறதா, கழற்றி மாட்டும் பூட் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது; கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கெண்டைக்கால் கல்லாக இறுகி வலித்தால், ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கம் ஏறினால், இரத்தம் உறைந்திருக்கலாம். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் காலை வரை காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ ஊசியோ எழுதிக் கொடுத்திருந்தால், அதை நடுவில் நிறுத்தாதீர்கள்.

10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள். கால் ஊன்றும் தேதி பெரும்பாலும் அன்றைய எக்ஸ்ரேயை வைத்துத்தான் முடிவாகும். ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள்: பிளேட்டால் அசையாமல் இறுகப் பிடித்த எலும்பு, சுற்றிலும் முடிச்சு போடாமல் நேரடியாகவே கூடும். அதனால் “எக்ஸ்ரேயில் புது எலும்பு ஒன்றும் தெரியவில்லையே” என்று கலங்க வேண்டியதில்லை. பிளேட், ஸ்க்ரூ எதுவும் இடம் மாறாமல் இருக்கிறதா என்பதைத்தான் மருத்துவர் முக்கியமாகப் பார்க்கிறார்.

எடைப் பொறியை வைத்துக் கற்றுக்கொள்வது

பகுதி எடை போடச் சொன்ன நாளில் எனக்கு உண்மையாகவே உதவியது குளியலறை எடைப் பொறி. முள் உள்ள பழைய வகையே நல்லது. டிஜிட்டல் பொறி ஓர் எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடும், அழுத்தம் ஏறி இறங்குவதைக் காட்டாது.

அடிபட்ட காலின் கீழே பொறியை வையுங்கள். நல்ல காலின் கீழே அதே உயரத்துக்குப் பலகையோ தடித்த புத்தகங்களோ வையுங்கள். இல்லாவிட்டால் இடுப்பு சாய்ந்து கணக்கு தவறும். முன்னால் வாக்கர், பின்னால் நாற்காலி, பக்கத்தில் ஒரு ஆள். பாதம் முழுவதையும் பதித்து, மருத்துவர் சொன்ன எண்ணுக்கு முள் வரும்வரை மெதுவாக எடையைச் சாய்க்கவும். பத்து விநாடி நிற்கவும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதே அழுத்தம் கொடுத்து, திறந்து பார்க்கவும். இருபது முறை செய்தால் அந்த எடை எப்படி இருக்கும் என்பது காலுக்குப் பழகிவிடும்.

60 கிலோ எடை உள்ளவருக்குக் கால் பங்கு 15 கிலோ, பாதி 30, முக்கால் 45. மருத்துவர் படிப்படியாக ஏற்றச் சொல்லியிருந்தால், ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய ஒரு வாரம் நிற்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: நின்று பழகும்போது 15 கிலோ போடுபவர், நடக்கும்போது தன்னை அறியாமல் அதைவிடக் கூடுதலாகப் போடுவார். அதனால் நடக்கும்போது சொன்ன அளவைவிடக் கொஞ்சம் குறைவாகவே நினைத்து ஊன்றுங்கள்.

ஊன்றுகோலோடு நடப்பது

அக்குள் ஊன்றுகோல் என்றால், அக்குளுக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். எடையைத் தாங்க வேண்டியவை உள்ளங்கைகள். அக்குளில் தொங்கினால் நரம்பு அழுந்தி, மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகும் அபாயம் உண்டு.

முதலில் இரண்டு ஊன்றுகோல்களும் முன்னால் போகட்டும். அடுத்து அடிபட்ட கால் அவற்றுக்கு நடுவே வரட்டும். குதிகால் முதலில் பதிந்து, பிறகு பாதம். கைகளை அழுத்தியபடி நல்ல காலைக் கடைசியாக எடுத்து வையுங்கள். பயத்தில் விரல் நுனியால் மட்டும் நடக்கும் பழக்கம் வந்துவிட்டால் கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண் இறுகிவிடும். அதை நீட்ட மாதக்கணக்கில் பாடுபட வேண்டியிருக்கும்.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு அடிபட்ட காலும் ஊன்றுகோலும். இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதலில், பிறகு நல்ல கால். என் அம்மா இதை “நல்லது ஏறட்டும், கெட்டது இறங்கட்டும்” என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். அது இன்றும் மறக்கவில்லை.

இரண்டு ஊன்றுகோலிலிருந்து ஒன்றுக்கு வரும்போது, அந்த ஒன்றை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அடிபட்ட பக்கமே பிடிக்கிறார்கள். அப்படிப் பிடித்தால் உடல் அந்தக் காலின் மேலேயே சாய்கிறது.

வாக்கிங் பூட் போட்டால் அந்தக் கால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். நல்ல காலுக்குத் தடித்த அடியுள்ள செருப்பு போட்டு மட்டம் செய்யாவிட்டால் இடுப்பு வலி வரும். பூட்டைக் கழற்றிய பிறகும், நம் வீட்டு வழக்கப்படி வெறுங்காலில் டைல்ஸ் தரையில் நடக்காதீர்கள். வீட்டுக்குள் மட்டும் போட ஒரு ஷூ வாங்கிக்கொள்ளுங்கள். கணுக்காலுக்கு அது பெரிய ஆறுதல்.

குளியலறையும் கழிப்பறையும்

நான் விழுந்தது மழையில் நனைந்த வாசல் படியில். அடுத்து விழப் பார்த்தது ஆபரேஷன் முடிந்து ஒன்பதாம் நாள், குளியலறையில். ஈரத் தரை, ஒற்றைக் கால், வழுக்கும் ஊன்றுகோல் முனை. அதிர்ஷ்டவசமாகக் கதவைப் பிடித்துக்கொண்டேன். ஊன்றத் தொடங்கும் தேதியைப் பற்றி ஆயிரம் யோசிக்கிறோம். ஆனால் ஒரே ஒரு விழுகையில் அத்தனை எடையும் அந்தக் காலில் இறங்கிவிடும்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குளியுங்கள். அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். இந்திய வகைக் கழிப்பறை மட்டும் இருக்கும் வீட்டில், அதன் மேல் வைக்கும் கமோட் ஸ்டூல் மருந்துப் பொருள் கடைகளில் கிடைக்கும். குந்தி உட்காருவது கணுக்காலைக் கடைசி எல்லைவரை மடக்கும் வேலை. முதல் மூன்று மாதம் அதை நினைக்கவே வேண்டாம். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுவதும் அப்படியே. எழும்போதுதான் கால் பிசகும்.

வலியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஊன்றத் தொடங்கிய முதல் வாரம் வலிக்கும். பல வாரம் சும்மா இருந்த பாதம் அது. உள்ளங்கால் கூசும், குதிகால் கல்லில் குத்துவது போலிருக்கும், மாலையில் கணுக்கால் வீங்கும். பத்துக்கு மூன்று நான்கு அளவு வலி, காலை உயர்த்தி வைத்தால் இரவுக்குள் அடங்கிவிட்டால், அந்த அளவு சரி. மறுநாள் காலையிலும் முந்தைய நாளைவிடக் கூடுதல் வலியும் வீக்கமும் இருந்தால், முந்தைய படிக்கு இறங்கி இரண்டு நாள் பொறுங்கள்.

பின்வருபவற்றுக்குப் பொறுமை காட்டக் கூடாது; மருத்துவரைப் பாருங்கள்: முறிவு இருந்த இடத்திலேயே ஒரு புள்ளியில் குத்தும் வலி; நடக்கும்போது ‘டக்’ என்று ஏதோ நகர்ந்த உணர்வு; காலின் வடிவம் மாறுவது; தையல் தழும்பிலிருந்து நீரோ சீழோ வருவது; காய்ச்சல்; குறைந்துகொண்டே வந்த வலி காரணமில்லாமல் திரும்ப ஏறுவது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஊன்ற வலிக்கிறது என்றதும் “எண்ணெய் போட்டு நீவிவிட்டால் சரியாகும்”, “நாட்டுக்கட்டு போட்டுக்கொள்” என்று அன்பாகவே சொல்வார்கள். உள்ளே பிளேட் இருக்கும், இன்னும் கூடாத எலும்பை அழுத்தி நீவுவதும் இறுக்கிக் கட்டுவதும் ஆபத்து. கெண்டைக்காலில் இரத்தம் உறைந்திருந்தால் நீவுவது உயிருக்கே ஆபத்தாகலாம். அன்போடு மறுத்துவிடுங்கள்.

ஆட்டுக்கால் சூப் எலும்பைக் கூட்டும் என்பதும் அதே அன்பில் வருவதுதான். குடிப்பதில் தவறில்லை, ஆனால் அதில் கால்சியம் குறைவு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. கேழ்வரகுக் கூழோடு பால், முட்டை, பருப்பு, முள்ளோடு சாப்பிடும் சிறு மீன் சேர்ந்தால் போதும். வைட்டமின் டி அளவைப் பரிசோதித்துப் பார்ப்பது நல்லது.

முழு எடை வந்த பிறகு

எனக்கு ஏழாவது வாரம் கால் பங்கு எடை, பத்தாவது வாரம் முழு எடை. ஊன்றுகோலை வைத்துவிட்ட நாளில் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் அன்றுதான் பிசியோதெரபியின் கடினமான பகுதி தொடங்கியது. முதலில் இரண்டு காலிலும் நின்று குதிகாலை உயர்த்துவது. அது எளிதானதும் ஒற்றைக் காலில் நிற்பது, சமையல் மேடையைப் பிடித்தபடி. முப்பது விநாடி தள்ளாடாமல் நிற்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்துவது கடைசியாகத்தான் வரும். கெண்டைக்கால் தசை திரும்புவதற்கு மாதங்கள் ஆகும். நின்று பாடம் நடத்தும் என் வேலைக்குப் பன்னிரண்டாவது வாரம் திரும்பினேன். முதல் மாதம் உட்கார்ந்துதான் நடத்தினேன். உட்கார்ந்து செய்யும் வேலை என்றால், காலை உயர்த்தி வைக்க வசதி இருந்தால், அதைவிட வெகு சீக்கிரம் போகலாம்.

மாலை வீக்கம் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட வரும். காலையில் குறைந்துவிடுகிறது என்றால் கவலை வேண்டாம்.

கார் ஓட்டுவதற்கு வலது கால் முக்கியம். வலது கணுக்கால் ஆபரேஷனுக்குப் பிறகு பிரேக் மிதிக்கும் வேகம் இயல்புக்குத் திரும்ப 9 வாரம் ஆகிறது என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. அதுவும் ஊன்றி நடக்கத் தொடங்கியவருக்குத்தான் பொருந்தும். பூட் போட்ட காலோடு ஓட்டவே கூடாது. இருசக்கர வாகனத்தில் எந்தக் கால் என்றாலும் சிக்கல்தான்: மோட்டார் சைக்கிளில் வலது கால் பின் பிரேக், இடது கால் கியர், ஸ்கூட்டரில் இரண்டும் இல்லை, ஆனால் சிக்னலில் வண்டியின் எடையைத் தாங்கிக் காலைத் தரையில் ஊன்ற வேண்டும். ஒற்றைக் காலில் உறுதியாக நிற்கும் நாள் வரும்வரை பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போகலாம்.

குந்தி உட்கார முடியுமா என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்ட கேள்வி. அதற்கு ஒரு எளிய அளவு இருக்கிறது. சுவரைப் பார்த்து நின்று, அடிபட்ட காலின் குதிகால் தரையைவிட்டு எழாமல், முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடியும் மிகத் தொலைவான இடத்தில், கட்டை விரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து, நல்ல காலோடு ஒப்பிடுங்கள். நான்காவது மாதத்தில் எனக்கு நல்ல காலில் 10 சென்டிமீட்டர், அடிபட்ட காலில் 3. ஆறாவது மாதம் 5. தினமும் காலையும் மாலையும் சுவரில் சாய்ந்து கெண்டைக்காலை நீட்டினேன். ஒன்பதாவது மாதம் 8 சென்டிமீட்டர் வந்த வாரத்தில், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, குதிகால் தரையில் பதிய மெல்லக் குந்தி உட்கார்ந்தேன். எழுந்திருக்க மட்டும் அம்மா கை கொடுத்தார்.